படபடப்பு தீர்க்குமா பலசரக்கு? கம்ப்யூட்டர் சொல்வதும் சொல்லாததும்

நமது கடைகளில் உள்ள மஞ்சள், மிளகு, தேயிலை போன்ற சரக்குகளை விஞ்ஞானிகள் கம்ப்யூட்டர் மூலம் அலசி வருகின்றனர். மனப் பதற்றத்தைத் தணிக்கும் பொருள் உணவில் எங்கே இருக்கிறது என்பதே தேடல். வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம் என்பதால், விவரம் தெரிந்திருப்பது நல்லது.

தேடலுக்கு முதலில் ஸ்டாக் பட்டியல் வேண்டும். சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் 2018-ல் 'இம்பாட்' என்ற தகவல் தொகுப்பை வெளியிட்டது. 1,742 இந்திய மருத்துவத் தாவரங்களும், அவற்றிலுள்ள 9,596 வேதிப் பொருள்களும் அதில் பதிவாயின. இரண்டாம் பதிப்பில் இது 4,010 தாவரங்கள், 17,967 பொருள்கள் என விரிந்தது.

அடுத்தது பூட்டும் சாவியும். மூளையின் பரபரப்பை அடக்க 'காபா' என்ற பொருள் உடலிலேயே உற்பத்தியாகிறது. அது சென்று ஒட்டும் புரதத்தைப் பூட்டு எனலாம். டாக்டர் எழுதித் தரும் டயஸெபாம் மாத்திரையும் அதே புரதத்தின் வேறோர் இடத்தில் ஒட்டித்தான் வேலை செய்கிறது. அந்தப் பூட்டின் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் வைத்து, பட்டியலிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் பிடிக்கும் சலிப்பு வேலை இப்படி விரைவில் முடிகிறது.

ஆனால் குத்தூசியில் எடுத்த சாம்பிளை மட்டும் நம்பி நாம் லாரிச் சரக்கு முழுவதையும் இறக்குவதில்லை. பூட்டில் பொருந்தும் பொருள் ஜீரணத்தில் சிதையலாம். மூளையை எட்டாமலே போகலாம். தேயிலையிலுள்ள தியானினை ஆய்வுகளில் பெரும்பாலும் 200 மில்லிகிராம் அளவில் கொடுக்கிறார்கள். ஒரு கோப்பைத் தேநீரில் இருப்பதோ அதில் சிறு பங்குதான்.

சீமைச் சாமந்தியின் கதையைப் பாருங்கள். அதிலுள்ள அபிஜெனின், டயஸெபாம் ஒட்டும் இடத்திலேயே ஒட்டுகிறது என்று அர்ஜென்டினா விஞ்ஞானிகள் 1995-ல் தெரிவித்தனர். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 57 நோயாளிகளிடம் 8 வாரம் சோதித்த முடிவு 2009-ல்தான் வெளிவந்தது. கிடைத்த பலன் மிதமானதே. அதுவும் அளவிட்டு அடைத்த சாற்றுக்குத்தான். கோப்பையில் ஊற்றிய டீக்கு அல்ல.

எனவே, 'கம்ப்யூட்டர் ஆய்வில் நிரூபணம். பதற்றம் தீரும்' என்று அச்சிட்ட பாக்கெட் வந்தால் உறுப்பினர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் எதைச் சோதிக்கலாம் என்று காட்டுமே தவிர, எது குணமாக்கும் என்று நிரூபிக்காது. உணவுப் பொருளைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால், 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. விளம்பரத்துக்கு உடந்தையாக இருப்பவரும் தப்ப முடியாது.

அபராதத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. டயஸெபாம் போன்ற மாத்திரைகளை நெடுநாள் சாப்பிடுபவர், நம் பேச்சை நம்பித் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். ஆகவே மஞ்சளையும் தேயிலையையும் உணவாகவே தரமாக விற்போம். படபடப்புக்கு மருந்து கேட்பவரை டாக்டரிடம் அனுப்பி வைப்போம். மறுநாளும் அவர் நம் கடைக்குத்தான் வருவார்.