நீர்க்கணக்கு – 9: 70 லிட்டர் அபத்தம்

தந்துகிகள் சுருண்ட கிளாமருலஸ் முடிச்சு, அதைப் பொதிந்த பௌமன் கிண்ணம், அதிலிருந்து வளைந்து நீளும் நுண்குழல் – மூன்றும் சேர்ந்தது ஒரு நெஃப்ரான். சிறுநீரகம் ஒன்றில் சுமார் 10 லட்சம். இதெல்லாம் போன வாரக் கதை, மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்க. இந்த வாரம் சிறுநீர்ப்பைக்கு வருவதாகப் பேச்சு. ஆனால் ருடால்ஃப் ஹைடன்ஹைன் போட்ட ஒரு கணக்கைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1842இல் கார்ல் லூட்விக் சொன்னது இது: ரத்த அழுத்தம் கிளாமருலஸின் சுவர் வழியே நீரையும் உப்பையும் யூரியாவையும் பிழிந்து தள்ளுகிறது, புரதம் தங்கிவிடுகிறது, குழலில் ஓடும்போது பெரும்பகுதி நீர் ரத்தத்துக்கே திரும்புகிறது. பிரெஸ்லாவ் நகரின் ஹைடன்ஹைன் இதை ஏற்கவில்லை. அவர் மறுப்பு வீம்பல்ல, கணக்கு. ஒருவர் நாளொன்றுக்கு வெளியேற்றும் யூரியா சுமார் 35 கிராம். ரத்தத்திலோ அது லிட்டருக்கு அரை கிராம். அப்படியானால் தினமும் 70 லிட்டர் வடிந்து, அதில் 68 லிட்டருக்கு மேல் உள்ளே திரும்ப வேண்டும். எந்த உறுப்பாவது இப்படி வெட்டி வேலை பார்க்குமா? போதாததற்கு, விலங்குகளின் ரத்தத்தில் அவர் ஏற்றிய நீலச் சாயம் கிளாமருலஸில் தென்படவில்லை, குழல்களில்தான் தென்பட்டது. ஆகவே சிறுநீர் வடிவதில்லை, சுரக்கிறது என்று தீர்ப்பளித்தார்.

தீர்ப்பை அசைத்தது ஒரு தவளை. 1924இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் வேர்னும் ஆல்ஃபிரட் ரிச்சர்ட்ஸும் முடியிழை போன்ற கண்ணாடிக் குழாயைத் தவளையின் பௌமன் கிண்ணத்தில் செருகி, துளி நீரை உறிஞ்சிப் பார்த்தார்கள். அதில் புரதம் இல்லை. சர்க்கரையும் குளோரைடும் இருந்தன. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் அவை இல்லாதபோதும் இங்கே இருந்தன. வடிவதும் மெய், மீள்வதும் மெய். பிறகு டேலியா கிழங்கில் கிடைக்கும் இன்யூலின் அளவுகோலாயிற்று (இன்சுலின் அல்ல). கிளாமருலஸில் வடியும் இன்யூலினைக் குழல் மீட்பதுமில்லை, தன் பங்குக்குக் கூட்டுவதுமில்லை. அதை வைத்து மனிதரில் அளந்தபோது வடிவது நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர் என்று தெரிந்தது. நாளுக்கு 180 லிட்டர்! ஹைடன்ஹைன் அபத்தம் என்று ஒதுக்கியதைப்போல் இரண்டரை மடங்கு. உடலில் இருக்கும் பிளாஸ்மா 3 லிட்டர்தான். அது தினமும் 60 தடவை வடிகட்டப்படுகிறது. கடைசியில் வெளியே போவது ஒன்றரை லிட்டர்.

வெட்டி வேலை என்ற குற்றச்சாட்டு மட்டும் அப்படியே நிற்கிறது. செலவும் அற்பமல்ல: தினமும் சுமார் ஒன்றரை கிலோ உப்பு வடிந்து, சில கிராம் நீங்கலாக எல்லாம் மீட்கப்படுகிறது, உடல் எடையில் அரை சதவீதம்கூட இல்லாத இந்த ஜோடி, ஓய்வில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் பத்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாக எடுத்துக்கொள்கிறது. கழிவை மட்டும் பொறுக்கி எறிந்தால் மிச்சம்தானே? அதற்கு ஒவ்வொரு கழிவையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதே சிக்கல். உண்ணும் இலையிலும் கிழங்கிலும் புதிது புதிதாக என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? போகிக்கு வீட்டுச் சாமான் அனைத்தையும் முற்றத்தில் போட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே எடுப்பதுபோல, குளுக்கோஸ், சோடியம், அமினோ அமிலம் என்று தனக்கு வேண்டியதை மட்டும் சிறுநீரகம் அறிந்தால் போதும். நஞ்சின் பட்டியல் முடிவற்றது. தேவையின் பட்டியல் சிறியது.

இதற்கும் மறுப்பு உண்டு. கிளாமருலஸே இல்லாத கடல் மீன்கள் இருக்கின்றன. தேரை மீன் அவற்றில் ஒன்று. அவை சுரந்தே பிழைக்கின்றன, ஹைடன்ஹைன் முழுத் தவறில்லை. ஆனால் நீரைப் பிடித்துவைக்கப் போராடும் கடல் மீனுக்கு, லிட்டர் கணக்கில் வடிப்பதே ஆபத்து. மனிதக் குழலிலும் சுரப்பு உண்டு. 1941இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு பெனிசிலின் ஏற்றினார்கள். மருந்து சொற்பம், அதுவும் உடலில் தங்காமல் சிறுநீரில் ஓடியது. அந்தச் சிறுநீரைச் சேகரித்து மிதிவண்டியில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி அவருக்கே ஏற்றினார்கள். தேறிவந்தவர், மருந்து தீர்ந்ததும் இறந்துபோனார். பெனிசிலினை அவ்வளவு வேகமாக விரட்டியது வடிகட்டல் மட்டுமல்ல, குழலின் சுரப்பு. முன்பின் அறியாத மருந்தை அது எப்படி அடையாளம் கண்டது? பெனிசிலினை அல்ல, கரிம அமிலம் என்ற இனத்தைத்தான் அது அறியும்; புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வடிகட்டலுக்குத் தப்பும் பொருள்களையும் அதனால் இழுக்க முடிகிறது. அந்த இனத்தில் சேராத அந்நியர்களுக்கு வழி 180 லிட்டர்தான். இந்தச் சுரப்பை அடைத்து பெனிசிலினைத் தக்கவைக்கவே புரோபெனிசிட் என்ற மருந்து பிறந்தது. அது பின்னாளில் கீல்வாதக்காரர்களின் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் வேலைக்குப் போன கதை தனி. சிறுநீர்ப்பை, நிச்சயமாக அடுத்த வாரம்.