கம்பளத்தில் போன நிறம் திரும்புமா?

பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் தரையைக் கழுவும்போது நான்கு சொட்டு கம்பளத்தின்மேல் தெறித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிது நேரத்தில் பழுப்பு நிறக் கம்பளத்தில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள்! எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அவை போவதில்லை. ஏன் தெரியுமா? அது கறையே அன்று. கறை என்பது வேண்டாத பொருள் வந்து ஒட்டிக்கொள்வது. இங்கோ, இருந்த சாயம் அழிந்துவிட்டது.

வெண்ணிற ஒளியில் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள கதிர்கள் கலந்துள்ளன. சாய மூலக்கூறு அவற்றுள் சிலவற்றை உட்கவர்ந்துகொள்கிறது. எஞ்சித் திரும்புவனவே நம் கண்ணுக்கு நிறமாகத் தெரிகின்றன. ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த இரட்டைப் பிணைப்புகளே சாயத்துக்கு இத்திறனைத் தருகின்றன. பிளீச்சிங் பவுடரிலுள்ள ஹைப்போகுளோரைட் இத்தொடரை அறுத்துவிடுகிறது.

அப்படியானால் புள்ளி வெள்ளையாகாமல் ஆரஞ்சானது ஏன்? பழுப்பு நிறம் பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள், நீலச் சாயங்களின் கலவையே. நீலம் முதலில் அழிந்தால் மற்ற இரண்டும் சேர்ந்து ஆரஞ்சாகத் தோன்றும். அங்கே பழுப்புச் சாயத்தைப் பூசினால் சிவப்பும் மஞ்சளும் மிகுந்து செம்பழுப்பாகிவிடும். போனது நீலம், சேர்க்க வேண்டியதும் நீலமே!

ஆனால் உடனே சாயம் பூசலாகாது. இழையில் தங்கியுள்ள ஹைப்போகுளோரைட் புதுச் சாயத்தையும் அழிக்கும். புகைப்படக்காரர்கள் 'ஹைப்போ' என்றழைக்கும் சோடியம் தயோசல்பேட்டின் கரைசலால் புள்ளியை நனைத்தால் அது செயலிழக்கும். பின் நல்ல தண்ணீரால் பலமுறை ஒற்றி எடுக்க வேண்டும்.

அடுத்து இழையை அறிய வேண்டும். கம்பளிக்கும் நைலானுக்கும் அமிலச் சாயம் ஏற்றது. அதனுடன் சிறிது வினிகர் சேர்ப்பர். பருத்தி ஜமக்காளத்துக்கு நேரடிச் சாயமும் உப்பும் வேண்டும். பருத்தியில் வேறு துணைப்பொருளின்றி நேரே ஏறிய முதல் செயற்கைச் சாயம், 1884-இல் கண்டறியப்பட்ட காங்கோ சிவப்பு. பாலிபுரொப்பிலீன் விரிப்பிலோ இச்சாயங்கள் ஒட்டுவதேயில்லை.

ஓர் எச்சரிக்கை! பிளீச்சிங் பவுடரோடு வினிகரோ வேறு அமிலமோ கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். எனவே கழுவாத புள்ளியில் வினிகர் கலந்த சாயத்தை இடவே கூடாது. இவ்வேலையைப் பெரியவர்கள் துணையோடு, சன்னலைத் திறந்துவைத்தே செய்ய வேண்டும்.

சாயத்தை மிக நீர்த்த கரைசலாக்கி, பஞ்சில் தொட்டுச் சிறிது சிறிதாக ஒற்றுங்கள். ஒவ்வொரு சாயமும் ஒளியில் ஒரு பகுதியைக் கழிக்கிறது. ஆகவே நிறத்தை அடர்த்தியாக்குவது எளிது, குறைப்பது அரிது. ஈர இழைகளிடையே நீர் நிறைவதால் ஒளிச்சிதறல் குறைந்து, நிறம் அடர்ந்து தோன்றும். எனவே உலர்ந்த பின்பே ஒப்பிட வேண்டும். அதையும் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, விளக்கொளியில் ஒருமுறை பாருங்கள். ஒரு வெளிச்சத்தில் பொருந்திய நிறம் மற்றொன்றில் பொருந்தாமற் போகலாம். ஏனெனில் இரண்டிலும் அலைநீளங்கள் கலந்துள்ள விகிதம் வேறு.

கம்பளம் இல்லாமலே இதைச் சோதிக்கலாம். சிவப்பு, மஞ்சள், நீலக் கண்ணாடித்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு வெள்ளைத்தாளின்மேல் வையுங்கள். பின் நீலத்தை மட்டும் உருவிவிடுங்கள். தாளில் என்ன நிறம் தெரிகிறது?