உங்களுக்குத் தெரியுமா? – மொழி மாறும் கிளாஸ் பெயர்கள்

ஜாவாவின் 'ஹைபர்நேட்' லைப்ரரி டாட்நெட்டுக்குப் போனபோது 'என்ஹைபர்நேட்' ஆனது. அதற்குள் இருந்த 'செஷன்' என்ற இன்டர்ஃபேஸுக்கும் 'ஐசெஷன்' என்று பெயர் மாறியது. டாட்நெட்டில் இன்டர்ஃபேஸ் என்றால் முன்னால் ஓர் 'ஐ' இருக்க வேண்டும் என்பது மரபு; ஜாவாவில் அந்த வழக்கம் இல்லை. புகுந்த வீட்டுப் பழக்கம்!

எல்லாரும் இப்படி வளைந்து கொடுப்பதில்லை. கென்ட் பெக் ஸ்மால்டாக்கில் எழுதிய எஸ்யூனிட் என்ற டெஸ்டிங் லைப்ரரி, 1997-இல் ஒரு விமானப் பயணத்தில் அவரும் எரிக் காமாவும் உட்கார்ந்து எழுத, ஜாவாவில் ஜேயூனிட் ஆனது. அங்கிருந்து பைதானுக்கு வந்து, 2001-இல் 'யூனிட்டெஸ்ட்' என்ற பெயரில் மொழியோடு சேர்ந்துவிட்டது. பைதானின் நடைக் கையேடான பெப்-8 சில மாதங்கள் கழித்துத்தான் வந்தது. மெத்தட் பெயரைச் சின்ன எழுத்தில் எழுது, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போடு என்கிறது அது. ஆனால் 'செட்அப்', 'அசர்ட்ஈக்வல்' எல்லாம் நடுவில் பெரிய எழுத்தோடு ஜாவா வேட்டியிலேயே இன்றும் திரிகின்றன. 'அசர்ட்ஈக்வல்ஸ்' போன்ற மாற்றுப் பெயர்களை மட்டும் 2023-இல், 3.12 பதிப்பில், ஒருவழியாகத் தூக்கினார்கள்.

பைதானின் 'த்ரெடிங்' மாட்யூல் பிற்பாடு திருந்திக்கொண்டது. 2008-இல் அடிக்கோட்டுப் பெயர்கள் வந்தன. பழைய பெயர்களைக் கைவிடச் சொல்லி எச்சரிக்கை வர 2021 ஆகிவிட்டது. ஒரு பெயரை அவசரமாக வைத்தால், புதுப் பெயர் வந்த பிறகும் பதின்மூன்று வருஷம் தொங்கும்.

ஆப்பிள் பக்கம் பார்த்தால், கிளாஸ் பெயர்களுக்கு முன்னால் வரும் 'என்எஸ்' என்பது நெக்ஸ்ட்ஸ்டெப் காலத்து முன்னெழுத்து. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் 3-ஆம் பதிப்பு வந்தபோது (2016) 'என்எஸ்டேட்டா' வெறும் 'டேட்டா'வானது. ஆனால் 'என்எஸ்ஆப்ஜெக்ட்' அப்படியே நிற்கிறது.

என்னைக் கேட்டால், மெத்தட் பெயரைப் புது மொழியின் வழக்கத்துக்கு மாற்றுங்கள். கிளாஸ் பெயரின் சொல்லை விட்டுவிடுங்கள். பழைய கையேட்டைப் புரட்டுகிறவர் அந்தச் சொல்லைத்தான் தேடுவார்.

சொல்லை அப்படியே விட்டுவைக்கும் இந்தச் சலுகை கோ மொழியில் எப்போதும் கிடைக்காது. பெயரின் முதல் எழுத்து பெரியதாக இருந்தால்தான் பேக்கேஜுக்கு வெளியே தெரியும். பெயரே தமிழ்ச் சொல்லாக இருந்தால்? தமிழில் ஏது பெரிய எழுத்து? அதற்கு முன்பே வேறொரு சிக்கல்: 'மரம்' என்று ஒரு டைப்புக்குப் பெயர் வைத்தால், அந்த மெய்யெழுத்துப் புள்ளியிலேயே கம்பைலர் தடுக்கி நின்றுவிடும். அதே பெயரைப் பைதான் 3-இல் கிளாஸுக்கு வைத்துப் பாருங்கள், ஓடும்.