இருபத்து நான்கு மணி நேரம்

சட்டம் படிக்கிறவன் என்று தெரிந்தால் போதும், விடுதியில் நண்பர்கள் கேட்கும் முதற் கேள்வி, "போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போனால் என்ன செய்வது?" என்பதுதான். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர், "இப்படி எதற்கெடுத்தாலும் உரிமை உரிமை என்றால் திருடனை யார் ஐயா பிடிப்பது?" என்பார். இரண்டும் நியாயமான கேள்விகளே. இரண்டுக்கும் விடையாக நம் சட்டம் ஒரு கால அளவைக் குறித்து வைத்திருக்கிறது. அது 24 மணி நேரம். அந்த ஒரு நாளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

அரசியல் சட்டத்தின் 22-ஆம் ஷரத்து சொல்வது இது: கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைக் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும், அவர் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ள இடம் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும். பயணத்துக்கு ஆகும் நேரம் இந்தக் கணக்கில் சேராது. அதற்கு மேல் ஒரு மணி நேரம் வைத்திருப்பதானாலும் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும்.

இவ்விதி 1898-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்திலேயே இருந்ததுதான். பின் ஏன் அதை அரசியல் சட்டத்தில் ஏற்ற வேண்டும்? சாதாரணச் சட்டத்தில் உள்ளதைச் சட்டசபை நினைத்தால் எடுத்துவிடலாம், அரசியல் சட்டத்தில் வைத்துவிட்டால் அப்படித் தொட முடியாது என்பது டாக்டர் அம்பேத்கர் 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கூறிய காரணம். அதே ஷரத்தின் பிற்பகுதி, தடுப்புக் காவலில் வைக்கப்படுபவருக்கு இந்த 24 மணி நேரம் இல்லை என்று சொல்லிவிடுகிறது. அது பெரிய கதை. அதை இன்னொரு சமயம் பார்ப்போம்.

ஒருவனை ஒரு நாளுக்கு மேல் போலீசாரிடம் விட்டுவைக்க ஏன் இவ்வளவு தயக்கம்? விடை நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. 1855-இல் சென்னை ராஜதானியில் சித்திரவதை நடப்பதுண்டா என்று ஆராய்ந்த ஒரு கமிஷன் அறிக்கை கொடுத்தது. நிலவரி வசூலிக்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் நடந்த கொடுமைகளை அது விரித்துரைக்கிறது. விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெருக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் சேர்த்துக் கயிற்றால் கட்டிக் குனிந்தபடியே வெயிலில் நிறுத்திவைப்பது, இப்படிப் பல. 'கிட்டி போட்டு நெருக்குகிறான்' என்று நம் பாட்டிமார் சொல்வது வெறும் பேச்சு வழக்கன்று என்பது அந்த அறிக்கையைப் படித்தால் தெரியும். சில ஆண்டுகளில், 1859-இல், சென்னைக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1861-ஆம் ஆண்டு விசாரணை முறைச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் கோர்ட்டில் சாட்சியமாகக் கொள்ளலாகாது என்றது. 1872-இல் அது சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவாயிற்று. இன்று 2023-ஆம் ஆண்டுப் புதிய சாட்சியச் சட்டத்தில் 23-ஆவது பிரிவாக நிற்கிறது. ஆட்சிகள் மாறின, எண் மாறிற்று, விதி மாறவில்லை.

சாட்சியச் சட்டத்தை எழுதிய ஸ்டீஃபன் துரை, இந்தியப் போலீசார் ஏன் அடிக்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தபோது அனுபவமுள்ள ஓர் அதிகாரி சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார். வெயிலில் சாட்சி தேடி அலைவதைவிட நிழலில் உட்கார்ந்து ஒருவன் கண்ணில் மிளகாயைத் தேய்ப்பது சுகமான வேலை என்பது அதன் சாரம். போலீசார் பிறவிக் கொடியவர்கள் என்று அவர் சொல்லவில்லை. குறுக்கு வழி ஒன்று திறந்திருந்தால் மனிதன் அதில்தான் போவான் என்கிறார். 25-ஆவது பிரிவு அந்த வழியை அடைத்தது. அடித்து வாங்கிய ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்றால், அடித்து என்ன பயன்?

முழுதும் அடைக்கவும் இல்லை. பிடிபட்டவன், "கத்தியைக் கிணற்றடியில் புதைத்தேன்" என்று சொல்லி, அங்கே கத்தியும் கிடைத்தால், அந்த அளவுக்கு அவன் சொல் சாட்சியமாகும். "அதனால்தான் அவனைக் குத்தினேன்" என்ற மிச்சம் ஆகாது. சென்னை ராஜதானியிலிருந்து லண்டன் பிரிவி கௌன்சில் வரை போன புலுக்குரி கோட்டய்யா வழக்கில் இந்த எல்லை வகுக்கப்பட்டது. விடுதலைக்குச் சற்று முன் வந்த அத்தீர்ப்பை இன்றும் வகுப்பில் ஓதுகிறோம்.

இந்த வேலியைப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் எல்லோரும் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. 1987-இல் வந்த தடா சட்டம், போலீஸ் சூப்பரிண்டெண்டும் அவருக்கு மேற்பட்டவர்களும் பதிவு செய்யும் ஒப்புதல் செல்லும் என்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-இல் தடா கோர்ட்டு 26 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 1999-இல் சுப்ரீம் கோர்ட்டு, இது தடாவின் கீழ் வரும் குற்றமே அன்று என்று முடிவு செய்தது. ஆயினும் தடாவின்படி வாங்கிய ஒப்புதல்களை ஏற்றுக்கொண்டது. 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்து, நால்வரின் தூக்கை உறுதி செய்தது. அந்நால்வரில் ஒருவர் பேரறிவாளன். 1991-இல் பிடிபட்டபோது அவருக்கு வயது 19. பாட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதிருந்த குற்றச்சாட்டுகளில் முக்கியமானது. அது எதற்கென்று தமக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைத் தாம் வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே 2013-இல் வெளிப்படையாகக் கூறினார். 2014-இல் தூக்கு ஆயுளாயிற்று. 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுவித்தது. விடுதலைக்குக் கோர்ட்டு சொன்ன காரணம் வேறு என்பதையும் குறிப்பிட வேண்டும். வழக்கின் மற்ற நியாய அநியாயங்களுக்குள் நான் போகவில்லை. ஸ்டேஷனுக்குள் ஒருவர் சொல்ல, மற்றொருவர் எழுத, மூன்றாமவர் எவரும் பார்க்காத ஒரு காகிதம் எவ்வளவு தூரம் போகும் என்பதைத்தான் சுட்டுகிறேன். தடா 1995-இல் காலாவதியாயிற்று. ஆனால் மகாராஷ்டிரத்தின் 1999-ஆம் ஆண்டுத் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டத்தில் அதே ஏற்பாடு இருக்கிறது. அச்சட்டம் 2002 முதல் நாம் படிக்கும் இந்தத் தில்லிக்கும் நீட்டப்பட்டிருக்கிறது!

போலீசாரின் பக்கத்தையும் பேசாவிட்டால் கட்டுரை ஒருகண் குருடாகிவிடும். காலையில் மந்திரி வருகைக்குப் பந்தோபஸ்து, பகலில் கோர்ட்டு, இரவில் ரோந்து. இவற்றுக்கிடையே அதே இன்ஸ்பெக்டர்தான் கொலை வழக்கையும் துப்புத் துலக்க வேண்டும். புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் தனித்தனியே பிரியுங்கள் என்று 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டதற்கு இதுவே காரணம். ஒரு நாளில் எல்லா வழக்கும் துலங்காது என்பதைச் சட்டமும் அறியும். அதனால்தான் மாஜிஸ்திரேட் அனுமதித்தால் போலீஸ் காவல் 15 நாள் வரை கிடைக்கிறது. அதற்கப்பால் சிறைக் காவல். 60 நாளிலோ, பெருங்குற்றமானால் 90 நாளிலோ குற்றப்பத்திரிகை வராவிட்டால், ஜாமீன் கொடுக்கத் தயாராயுள்ள கைதியை விட்டேயாக வேண்டும். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனையுள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்று புதிய விசாரணை முறைச் சட்டம் சொல்கிறது. போலீசாருக்கு இதைவிட நல்ல ஆயுதத்தை யாரும் கொடுக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். கைரேகையும் இரத்தக் கறையும் பேசுமானால் கைதியைப் பேசவைக்கும் அவசரம் குறையும்.

ஆகவே முழுப் பாரமும் மாஜிஸ்திரேட்டின் தலையில் வந்து விழுகிறது. 24 மணி நேரம் என்பதன் பொருள், அந்நேரம் முடிவதற்குள் போலீசல்லாத ஒருவர் கைதியைக் கண்ணால் காண வேண்டும் என்பதே. நடக்கத் தள்ளாடுகிறாரா, சட்டையில் கறை உண்டா, வாய் திறந்து ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று பார்க்க வேண்டும். அந்தப் பார்வை இல்லாவிட்டால் 22-ஆம் ஷரத்து வெறும் மை.

2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று தந்தையையும் மகனையும் 19-ஆம் தேதி பிடித்தார்கள். மறுநாளே மாஜிஸ்திரேட்டின் ரிமாண்டு உத்தரவு கிடைத்துவிட்டது. 24 மணி நேர விதி எழுத்தளவில் பிழையில்லாமல் நிறைவேறிற்று. ஆனால் அவர் அவர்களைச் சரிவரப் பார்த்து விசாரிக்கவே இல்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கோவில்பட்டிச் சிறைக்கு அனுப்பப்பட்ட இருவரும் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து மாண்டனர். மதுரை ஹைகோர்ட்டுக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கச் செய்தது. அன்றிரவு நடந்ததை விசாரணைக்கு வந்த வேறொரு மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர். போலீசுக்குள்ளிருந்தே வந்த அந்தச் சாட்சியத்தை மறந்துவிட்டு, காக்கிச் சட்டை எல்லாம் ஒன்று என்று பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அவ்வாண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, பரம்வீர் சிங் சைனி வழக்கில், ஸ்டேஷன்களில் காமிரா வைத்துப் பதிவுகளை 18 மாதம், குறைந்தது ஓராண்டாவது, காக்க வேண்டும் என்று ஆணையிட்டது.

2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள புதிய விசாரணை முறைச் சட்டத்தில் எனக்குக் கவலை தருவது 187-ஆவது பிரிவு. பழைய சட்டத்தில், 1992-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றின்படி, போலீஸ் காவல் கைதுக்குப் பின் முதல் 15 நாளோடு தீர்ந்துவிடும். இப்போது அந்த 15 நாளைத் துண்டு துண்டாக, வழக்கின் தன்மைக்கேற்ப முதல் 40 அல்லது 60 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். புதிதாகத் துப்புக் கிடைத்தால் மீண்டும் விசாரிக்க வேண்டாமா என்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சிறையில் ஒரு மாதம் இருந்தவன், நாளைக்கு மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போக நேரலாம் என்ற நினைப்பிலேயே ஒவ்வோர் இரவும் படுக்க வேண்டும். ஒரு நல்ல அம்சத்தையும் சொல்லிவிடுகிறேன். போலீஸ் காவல் கேட்கும் ஒவ்வொரு முறையும் கைதியை நேரில்தான் கொண்டுவர வேண்டும். திரையில் காட்டிவிட்டுப் போவது சிறைக் காவலை நீட்டுவதற்கு மட்டுமே செல்லும்.

இனி, முதலில் கேட்ட நண்பருக்கு. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றமானால் உடனே கைது என்பது கட்டாயமில்லை. நோட்டீஸ் கொடுத்து அழைத்து விசாரிக்கலாம் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு வற்புறுத்தியது. நோட்டீஸ் வந்தால் போக வேண்டும், ஒளியக்கூடாது. கைதே ஆனால், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லும்படி கேளுங்கள், டி.கே.பாசு வழக்கு முடிவான 1996 முதல் அது உங்கள் உரிமை. நேரமும் தேதியும் குறித்த கைதுக் குறிப்பில் கையெழுத்திடுமுன் அந்த நேரம் சரிதானா என்று பாருங்கள்; 24 மணி நேரம் அங்கிருந்துதான் எண்ணப்படும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் அதைச் சொல்லுங்கள். இலவச வக்கீல் உண்டு.

மொழி ஒன்று பாக்கி. தில்லியில் போலீஸ் காகிதம் பெரும்பாலும் இந்தியில் இருக்கும். நம்மில் பலருக்குக் கடைவீதி இந்திதான் தெரியும். ஆங்கிலம் அறியாதவருக்கு ஆங்கிலத்தில் காரணம் எழுதிக் கொடுப்பது கொடுத்ததாகாது என்று தடுப்புக் காவல் வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டு 1962-லேயே கூறிற்று. 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் அது எல்லாக் கைதுக்கும் விரிந்துவிட்டது: காரணம் எழுத்தில் வேண்டும், கைதானவருக்குப் புரியும் மொழியில் வேண்டும், உடனே முடியாவிட்டால் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னராவது கையில் கிடைக்க வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு அது தமிழில்தான் இருக்க வேண்டும்.