கணக்கு எழுதாமல் சாகும் நிரல்கள்

சி நிரலைச் சோதிக்கும்போது எந்த வரி ஓடியது, எது ஓடவே இல்லை என்று காட்டுவது கவரேஜ். ஜிசிசி கம்பைலரோடு வரும் ஜிகாவ் இதை வெகுகாலமாகச் செய்துவருகிறது. எண்ணும் முறை பெரிதாக மாறவில்லை. எண்ணியதைத் தொலைக்காமல் வெளியே எடுக்கும் வழிகள்தான் பெருகியிருக்கின்றன.

கம்பைலர் நிரலுக்குள் செருகும் எண்ணிகள் நினைவகத்தில்தான் இருக்கும். நாள் முழுக்க மனக்கணக்கு வைத்து, கடை சாத்தும்போது பேரேட்டில் எழுதும் கடைக்காரர் மாதிரி, நிரல் முறையாக முடியும்போதுதான் கோப்பு எழுதப்படும்.

அன்று இதுவே பெரிய தலைவலி. சர்வர் நிரல் தானாக முடியாது. டெஸ்ட் ஸ்கிரிப்ட் கடைசியில் ‘கில்’ அனுப்பி நிறுத்தும். அதோடு கணக்கும் போய்விடும். ‘அபார்ட்’ ஆனாலும் அதே கதி. அதனால் சிக்னல் வந்தால் ‘எக்ஸிட்’டை அழைக்கும்படி, சோதனைக்காகவே நிரலில் நாலு வரி சேர்ப்பார்கள். முடிவே இல்லாத லினக்ஸ் கர்னலுக்கோ தனியே பேட்ச் போட வேண்டியிருந்தது.

2009இல் வெளிவந்த 2.6.31 பதிப்பில் அந்த வசதி கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே டீபக்எஃப்எஸ் என்ற கர்னல் கோப்பு அமைப்பு வழியாகக் கணக்கை எடுக்கலாம். ஓரிடத்தில் கம்பைல் செய்து வேறு மெஷினில் ஓட்டினால், ‘ஜிகாவ் பிரீஃபிக்ஸ்’ என்ற சூழல் மாறியில் கோப்பு போக வேண்டிய இடத்தைச் சொல்லலாம். பல த்ரெட்கள் ஒரே எண்ணியை முட்டிமோதி ஏற்றினால் எண்ணிக்கை குறையும். 2017இல் வந்த ஜிசிசி 7 அதற்கு, இடையில் வேறு த்ரெட் நுழைய முடியாத அணுநிலைப் புதுப்பிப்பைத் தந்தது. கோப்பு அமைப்பே இல்லாத சிறு கருவிகளிலிருந்தும் இப்போது சீரியல் வயர் வழியாகக் கணக்கை அனுப்ப வழி உண்டு. கிளாங் கம்பைலரின் தொடர் முறையில் எண்ணிகள் நேராகக் கோப்போடு பிணைந்திருப்பதால், நிரலால் தடுக்கவே முடியாத ‘கில் மைனஸ் நைன்’ அடித்தாலும் அதுவரையிலான கணக்கு தப்பிவிடும்.

ஆனால் ஜிகாவில் அந்த அடி விழுந்தால் இன்றும் கணக்கு காலிதான். அறிக்கையில் ஓடாத வரிக்கு முன்னால் ஐந்து ஹேஷ் குறிகள் நிற்கும். ஓடியும் கணக்கு எழுதப்படாத வரிக்கும் அதே ஐந்து குறிகள்தான்! இரண்டையும் பிரித்தறிய, அறிக்கையின் தலையில் உள்ள ‘ரன்ஸ்’ வரியைப் பாருங்கள். எத்தனை ஓட்டங்களின் கணக்கு வந்து சேர்ந்தது என்று அது சொல்லும். பத்து டெஸ்ட் ஓட்டிய இடத்தில் அங்கே ஏழு என்றிருந்தால், புது டெஸ்ட் எழுத உட்காராதீர்கள். மீதி மூன்றும் எப்படி முடிந்தன என்று முதலில் தேடுங்கள்.