ரத்தத்தில் மலேரியா கிருமி... ஆனாலும் காய்ச்சல் இல்லை! எப்படி?

மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில், மலேரியா தொற்றினால் சின்னக் குழந்தை காய்ச்சலில் துவண்டுவிடும். அதே வீட்டுப் பெரியவரோ, ரத்தத்தில் கிருமி இருந்தும் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

இதற்கான விடை 1961-ல் கிடைத்தது. கோஹன், மெக்ரிகோர், கேரிங்டன் ஆகிய விஞ்ஞானிகள், காம்பியப் பெரியவர்களின் ரத்தத்திலிருந்து ஆன்டிபாடிகள் அடங்கிய காமா குளோபுலினைப் பிரித்தெடுத்து, மலேரியா பாதித்த குழந்தைகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். சில நாள்களிலேயே குழந்தைகளின் ரத்தத்தில் கிருமிகள் பெருமளவு குறைந்தன. பெரியவர்களைக் காப்பதில் ஆன்டிபாடிகளுக்கு முக்கியப் பங்கு உண்டு என்பது உறுதியானது.

ஆனால், இந்தப் பாதுகாப்பு சும்மா கிடைப்பதில்லை. தான் புகுந்த சிவப்பணுவின் மேல் காட்டும் புரதத்தைக் கிருமி மாற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வேஷத்தையும் உடல் அடையாளம் காண, வருடக்கணக்கில் திரும்பத் திரும்பத் தொற்று வர வேண்டும். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடிகள் பிறந்த சில மாதங்களுக்கே துணை நிற்கும். அதன்பிறகுதான் ஆபத்து. ஆப்பிரிக்காவில் மலேரியாவால் இறப்பவர்களில் பெரும்பாலானோர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளே!

எதிர்ப்பு சக்தி பெற்றவருக்கும் தொற்று வரும். நோய் பெரும்பாலும் தீவிரமாகாது, அவ்வளவுதான். அவரைக் கடித்த கொசு, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கிருமியைக் கொண்டுபோகலாம். வெளிநாட்டில் சில வருடங்கள் வசித்தால் இந்த சக்தியும் குறைந்துவிடும். எனவே, 'பிறந்த ஊர்தானே' என்று தடுப்பு மாத்திரையையும் கொசுவலையையும் தவிர்ப்பது ஆபத்து.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஆர்.டி.எஸ்.,எஸ். தடுப்பூசியையும், 2023-ல் ஆர்21 தடுப்பூசியையும் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தது. காய்ச்சலில் விழுந்து எழாமலேயே, கிருமியை எதிர்க்க அந்தப் பிஞ்சு உடல்களைத் தயார்படுத்தும் முயற்சி இது.