உங்களுக்குத் தெரியுமா? ஆகாய மார்க்கமாகத் திருச்சுழிக்கு வந்த தொலைக்காட்சி

● 1959 செப்டம்பர் 15 அன்று டில்லியில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய தொலைக்காட்சி, 1975இல்தான் சென்னையை எட்டியது. அதன் பின்னும் நெடுங்காலம் ஒளிபரப்பு சர்க்காரின் ஏகபோக உரிமையாகவே இருந்துவந்தது.

● 1993ஆம் வருஷம், தமிழ்ப் புத்தாண்டு தினமாகிய ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி உதயமாயிற்று. தனியார் ஸ்தாபனங்கள் நம் மண்ணிலிருந்து நேரே செயற்கைக்கோளுக்கு நிகழ்ச்சிகளை அனுப்ப அக்காலத்தில் அனுமதி இல்லாமையால், இங்கே பதிவானவை நாடாக்களாக விமானமேறி, அயல்நாட்டு நிலையங்களிலிருந்து ஆகாயத்தை அடைந்து, பிறகே இந்திய இல்லங்களுக்கு வந்து சேர்ந்தன.

● பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள், பட்டணத்துக்கும் பட்டிக்காட்டுக்கும் பேதம் பாராட்டுவதில்லை. ஆதலால், மானாவாரிப் பருத்தியும் மல்லியும் விளைகின்ற திருச்சுழி, அருப்புக்கோட்டைச் சீமை போன்ற வறண்ட பிரதேசங்களிலும், மொட்டைமாடியில் பெரிய டிஷ் ஆண்டெனாவை நிறுத்தி, கம்பத்துக்குக் கம்பம் கறுப்புக் கேபிளை இழுத்து, வீடுதோறும் இணைப்புக் கொடுத்து மாதச் சந்தா வசூலிக்கும் சிறுதொழில் வேரூன்றியது.

● 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அவ்வருஷமே கேபிள் தொலைக்காட்சிச் சட்டமும் பிறந்தது. அத்தீர்ப்பின்படி, அலைவரிசைகளை நடத்துவோர் எவராயினும், வானலைகளின் சொந்தக்காரர்கள் ஜனங்களே. ஆகையால், தம் விவசாயமும் தண்ணீர்க் கஷ்டமும் தம் ஊர்ப் பேச்சும் திரையில் உரிய ஸ்தானம் பெறவேண்டும் என்று கேட்க, திருச்சுழிச் சம்சாரிக்கும் பூரண பாத்தியதை உண்டு.